மானிட்டர் தானாக அணைந்துபோகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மானிட்டர் அடிக்கடி அணைகிறது. முதலில் எதைப் பார்ப்பது?

பவர் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன லைட்டை. திரை இருண்ட அந்த நொடியில் அது எப்படி இருக்கிறது என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

லைட்டும் சேர்ந்து அணைந்தால் மானிட்டருக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது உள்ளே இருக்கும் பவர் போர்டு மக்கர் செய்கிறது. லைட் ஆரஞ்சு நிறத்துக்கு மாறினாலோ, விட்டுவிட்டு மின்னினாலோ மானிட்டர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. கணினியிலிருந்து சிக்னல் வராததால் தூங்கப் போயிருக்கிறது. லைட் வழக்கம்போல எரிந்துகொண்டிருக்க, திரை மட்டும் கறுத்துவிட்டால், திரைக்குப் பின்னால் இருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்டைச் சந்தேகிக்கலாம். அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்கு நெருக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். ஐகான்களும் எழுத்தும் நிழல்போலத் தெரிந்தால் படம் வருகிறது, வெளிச்சம்தான் இல்லை.

லைட்டின் நிறம் மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் லைட்டே எரியாதபடி மெனுவில் வைக்க முடியும். அப்படி இருந்தால் முதலில் அதை எரிய விடுங்கள்.

கோளாறு மானிட்டரிலா, கணினியிலா என்று எப்படிப் பிரிப்பது?

திரை அணைந்ததும் கீபோர்டில் கேப்ஸ் லாக்கை இரண்டு முறை தட்டுங்கள். அதன் லைட் மாறிமாறி எரிந்தால் கணினி உயிரோடு இருக்கிறது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, திரை போன பிறகும் சத்தம் வருகிறது என்றாலும் அதே முடிவுதான்.

அடுத்து, மானிட்டரை வேறொன்றோடு இணைத்துப் பாருங்கள். வீட்டில் எச்டிஎம்ஐ உள்ள செட்டாப் பாக்ஸ் இருந்தால் அதுவே போதும். ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அதிலும் அணைந்தால் கோளாறு மானிட்டரில், அல்லது அதற்கு வரும் கரண்ட்டில். அணையாமல் ஓடினால் கணினி, கேபிள், செட்டிங்ஸ் மூன்றில் ஒன்று. கேபிளையும் சேர்த்து மாற்றிச் சோதித்தால்தான் இந்தப் பிரிப்பு சரியாக வரும். பழைய கேபிளோடு சோதித்துவிட்டு மானிட்டரைக் குற்றம் சொல்லக் கூடாது.

கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் ஆன் செய்து சோதிப்பவர்கள் கவனிக்க: ‘நோ சிக்னல்’ என்று சில நொடி காட்டிவிட்டு அது அணைவது இயல்பு. அது கோளாறு அல்ல.

எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்பதற்கும் அர்த்தம் உண்டா?

நிறையவே உண்டு. இரண்டு மூன்று முறை கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆன் செய்த இரண்டு நொடியில் கறுத்தால் பேக்லைட் பாதுகாப்புச் சுற்று அணைக்கிறது. மௌஸ், கீபோர்டிலிருந்து கையை எடுத்த பிறகு துல்லியமாக 5 நிமிடம், 10 நிமிடம் என்று அணைந்தால் ஏதோ ஒரு செட்டிங். துல்லியமாக 4 மணி நேரத்தில் அணைந்தால் மானிட்டர் மெனுவிலேயே இருக்கும் ஆட்டோ ஸ்டாண்ட்பை. எல்ஜி போன்ற சில நிறுவனங்களின் மாடல்களில் இது ஆன் நிலையிலேயே வரும். 15 முதல் 40 நிமிடம் ஓடி, சூடான பிறகு அணைந்து, ஆறியதும் மறுபடி ஓடினால் சூட்டில் விலகும் சோல்டரோ (போர்டில் பாகங்களைப் பிடித்து வைக்கும் ஈயப் பற்று) அடாப்டரோ காரணம். நேரக் கணக்கே இல்லாமல் ஒன்றிரண்டு நொடி கறுத்து, தானே திரும்பி வந்தால் கேபிள், அல்லது பக்கத்துச் சுவிட்சுகளிலிருந்து வரும் மின் அதிர்வு.

இதற்கு நேர்மாறான ஒரு வகையும் உண்டு: காலையில் ஆறிக் கிடக்கும்போது ஆன் ஆகாமல் அடம்பிடித்து, நாலைந்து முறை பட்டனை அமுக்கிய பிறகு ஓடத் தொடங்கி, பிறகு நாள் முழுக்க ஓடும். இது பவர் போர்டில் மின்சாரத்தைத் தேக்கித் தரும் கெப்பாசிட்டர் கெட்டுப்போனதன் கையெழுத்து. குளிர்ந்த நிலையில் அதன் உள்மின்தடை அதிகம், சூடானால் குறையும். அதனால்தான் இப்படி.

பவர் கேபிளில் என்ன பிரச்சினை வரும்?

எளிமையானது, ஆனால் பலர் கடைசியில்தான் பார்ப்பார்கள். மானிட்டரின் பின்பக்கம் கேபிள் கீழிருந்து மேலாகச் செருகப்பட்டிருக்கும். கேபிளின் எடையே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்துவிடும். மேசை ஆடும்போது, ஸ்டாண்டைத் திருப்பும்போது அணைந்தால் இதுதான். முழுதாகச் செருகி, கேபிளை ஸ்டாண்டோடு ஒரு டை போட்டுக் கட்டிவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஒதுக்கிவிட்டு நேரடியாகச் சுவர் ப்ளக் பாயிண்டில் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். மலிவான பாக்ஸ்களின் உள்ளே பித்தளைப் பட்டை தளர்ந்திருக்கும். ப்ளக்கைச் செருகும்போது சடசடவென்ற சத்தம், கருகிய வாசனை, மஞ்சளித்த பிளாஸ்டிக் இதில் எது இருந்தாலும் அந்தப் பாக்ஸைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மூன்று முள் சாக்கெட்டில் இரண்டு முள் அடாப்டரைச் செருகி ஆடவிடுவதும் அதே கதை.

தனி அடாப்டரில் ஓடும் மானிட்டர் என்னுடையது. அடாப்டரை எப்படிச் சோதிப்பது?

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசிக்கு வைத்து முனையில் பார்த்தால் 19 வோல்ட் காட்டும். உடனே ‘அடாப்டர் நல்லாத்தான் இருக்கு’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். சுமை இல்லாமல் எடுக்கும் அளவு இது. சாகப்போகும் அடாப்டரும் சுமை இல்லாதபோது சரியான வோல்ட்டைக் காட்டும். மானிட்டர் முழு வெளிச்சத்தில் இழுக்கத் தொடங்கியதும்தான் தடாலென்று இறங்கும்.

அதற்கு ஒரு செலவில்லாத சோதனை: மானிட்டரின் பிரைட்னஸை 100-லிருந்து 20-க்குக் குறையுங்கள். முன்பு பத்து நிமிடத்தில் அணைந்தது இப்போது அணையாமல் ஓடினால் கரண்ட் கொடுக்கும் பக்கம் தளர்ந்திருக்கிறது. தனி அடாப்டர் என்றால் அதையும், உள்ளேயே பவர் போர்டு உள்ள மாடல் என்றால் அந்த போர்டையும், பேக்லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் எல்ஈடி டிரைவர் சுற்றையும் பார்க்க வேண்டும்.

புது அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அப்படியே இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையவே கூடாது. சாம்சங் மானிட்டர்கள் பலவற்றுக்கு 14 வோல்ட், எல்ஜிக்குப் பெரும்பாலும் 19 வோல்ட், வேறு பலவற்றுக்கு 12 வோல்ட். முனை பொருந்துகிறதே என்று 12 வோல்ட் மானிட்டரில் 19 வோல்ட்டைச் செருகினால் போர்டு போய்விடும். முனையில் எது பாசிட்டிவ் என்று லேபிளில் வட்டமிட்ட படம் இருக்கும், அதையும் ஒப்பிடுங்கள். லேபிளில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இல்லாத அடாப்டரைத் தொடாதீர்கள்.

ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் போடும்போது திரை ஒரு நொடி போய் வருகிறது. வோல்டேஜ் பிரச்சினையா?

குறைந்த வோல்டேஜாக இருக்க வாய்ப்பு குறைவு. மானிட்டர் லேபிளில் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால், மாலை நேரத்தில் 180-க்கு இறங்கினாலும் அது கவலைப்படாது. அதற்காக ஸ்டெபிலைசர் வாங்குவது வீண் செலவு.

உண்மையில் நடப்பது வேறு. சுவிட்சைப் போடும்போது உள்ளே சின்னப் பொறி பறக்கும். அந்த மின் அதிர்வை எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளே போர்ட் கேபிள் ஆண்டெனாபோல வாங்கிக்கொள்ளும். சிக்னல் ஒரு கணம் குழம்பும். மானிட்டரும் கணினியும் மறுபடி கைகுலுக்கிக்கொள்ள ஒன்றிரண்டு நொடி ஆகும். அதுவரை திரை கறுப்பு. முதலில் ப்ளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரமாக இருப்பதுண்டு. பிறகு நல்ல ஷீல்டு உள்ள, நீளம் குறைந்த கேபிளுக்கு மாறுங்கள். சிக்னல் கேபிளைக் கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கேபிள் முனையில் மாட்டும் ஃபெரைட் உருளையும் உதவும். பொறி பறக்கும் பழைய சுவிட்சை மாற்றிவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

நாற்காலியிலிருந்து எழுந்தால் மானிட்டர் அணைகிறது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். இது சாத்தியமா?

சாத்தியம். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கேஸ் லிஃப்ட் உள்ள சுழல் நாற்காலியில் உட்காரும்போதும் எழும்போதும் நிலைமின்சாரம் சேர்ந்து வெளியேறும். அந்தத் துடிப்பு பக்கத்தில் உள்ள வீடியோ கேபிளைத் தாக்கும். மருந்து மேலே சொன்னதுதான்: ஷீல்டு உள்ள கேபிள், நல்ல எர்த்.

கரண்ட் போய் யூபிஎஸ்ஸுக்கு மாறும்போது மானிட்டர் அணைகிறது, கணினி ஓடுகிறது. ஏன்?

மானிட்டர் ப்ளக்கை யூபிஎஸ்ஸின் பேட்டரி இல்லாத சாக்கெட்டில் செருகியிருப்பீர்கள். சில யூபிஎஸ்களில் சில சாக்கெட்டுகள் அதிக வோல்டேஜைத் தடுக்க மட்டுமே. வீட்டு இன்வெர்ட்டர் என்றால், அதில் ‘யூபிஎஸ் மோட்’ சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் வைத்தால் மாறும் நேரம் குறையும்.

எச்டிஎம்ஐ கேபிள் என்றால் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. 1920×1080, 60 ஹெர்ட்ஸ் படத்துக்கு நொடிக்குச் சுமார் 4.5 கிகாபிட் போக வேண்டும். 4கே, 60 ஹெர்ட்ஸ் என்றால் அது நாலு மடங்கு, ஏறக்குறைய 18 கிகாபிட். பழைய மானிட்டரோடு பல வருடம் பழுதில்லாமல் ஓடிய கேபிள், புது 4கே மானிட்டரில் விட்டுவிட்டுக் கறுக்க வைப்பது இதனால்தான். கேபிள் கெடவில்லை, அதன் தகுதிக்கு மேல் சுமை ஏற்றிவிட்டீர்கள்.

சோதிப்பது சுலபம். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரிஃப்ரெஷ் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற ஹெர்ட்ஸ் கணக்கு) 144-லிருந்து 60-க்கு இறக்குங்கள். 4கே என்றால் 30-க்கு இறக்கிப் பாருங்கள். கறுப்பது நின்றுவிட்டால் கேபிள்தான். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ என்றும், 4கே 120 ஹெர்ட்ஸுக்கு ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்றும் சான்று ஸ்டிக்கர் ஒட்டிய கேபிளை வாங்குங்கள். 2 மீட்டருக்குள் இருந்தால் தொல்லை குறைவு. சுவருக்குள் 10 மீட்டர் ஓட்டியிருப்பவர்கள் சாதாரணச் செம்புக் கேபிளில் 4கேயை எதிர்பார்க்கக் கூடாது.

டிஸ்ப்ளே போர்ட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. கேபிளில் 20-ஆம் பின் இருமுனையிலும் இணைந்திருக்கக் கூடாது. மலிவான சில கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள். அதன் வழியாக மானிட்டரின் 3.3 வோல்ட் கணினிக்குள் பின்னோக்கிப் பாயும். கணினி அணைந்த பிறகும் ஏதோ லைட் மினுக்குகிறது, தூக்கத்திலிருந்து எழுப்பினால் திரை வருவதில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள்.

விண்டோஸ் செட்டிங்ஸில் எதை மாற்ற வேண்டும்?

மௌஸை அசைத்துக்கொண்டிருக்கும்போதே அணைகிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் பவர் செட்டிங் காரணம் இல்லை. அங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். சும்மா இருக்கும்போது மட்டும் அணைந்தால் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போய் திரை அணையும் நேரத்தை ‘நெவர்’ ஆக்கிச் சோதியுங்கள். ஸ்கிரீன் சேவர் ‘பிளாங்க்’ என்று இருந்தாலும் திரை கறுக்கும். புது லேப்டாப்களில் ஆள் இருப்பதை உணரும் சென்சார் இருந்தால், நீங்கள் நகர்ந்ததும் திரையை அணைத்துவிடும். மேக் வைத்திருப்பவர்கள் ‘ஹாட் கார்னர்ஸ்’ பாருங்கள்: மௌஸ் ஒரு மூலைக்குப் போனதும் திரை தூங்கும்படி யாரோ வைத்திருக்கலாம்.

மானிட்டர் மெனுவில் டீப் ஸ்லீப், ஆட்டோ இன்புட், ஸ்லீப் டைமர் மூன்றையும் ஆஃப் செய்யுங்கள். ஆட்டோ இன்புட் ஆனில் இருந்தால் சிக்னல் லேசாகத் தடுமாறியதும் மானிட்டர் வேறு போர்ட்டைத் தேடிப் போய்விடும்.

கேம் ஆடும்போது மட்டும் அணைகிறது. கணினியின் ஃபேன் மட்டும் இரைச்சலாக ஓடுகிறது.

மானிட்டரை விட்டுவிடுங்கள், கிராஃபிக்ஸ் கார்டு மயங்கி விழுகிறது. விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அமுக்கிப் பாருங்கள். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் மறுபடி தொடங்கும், ஒரு பீப் கேட்கும். படம் வந்துவிட்டால் டிரைவர் தொங்கியிருந்தது. கணினியில் நடந்ததைக் குறித்து வைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். 4101 என்ற எண் இருந்தால், கார்டு இரண்டு நொடி பதில் சொல்லாததால் விண்டோஸ் டிரைவரை மீட்டிருக்கிறது. ‘கர்னல் பவர் 41’ இருந்தால் கணினியே திடீரென விழுந்திருக்கிறது. கணினிக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் பக்கம் பார்வையைத் திருப்புங்கள்.

கார்டுக்குப் போகும் பவர் இணைப்பில் 6 பின் என்றால் 75 வாட், 8 பின் என்றால் 150 வாட் கணக்கு. இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு, ஒரே கேபிளில் கிளை பிரிந்த இரண்டு முனைகளையும் செருகாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள் கொண்டுவாருங்கள். வெப்பத்தையும் பாருங்கள். 80 டிகிரிப் பக்கம் ஓடுவது பல கார்டுகளுக்கு வழக்கம். 90-ஐத் தாண்டினால் தூசி, சிப்பின் மேல் தடவியிருக்கும் வெப்பம் கடத்தும் பேஸ்ட் இரண்டையும் கவனிக்க வேண்டும். திரையின் வேகத்தைக் கார்டின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் போட்டிருந்தால் ஆஃப் செய்து ஒருமுறை சோதியுங்கள்.

ரேமை எடுத்து ரப்பரால் துடைப்பது நம் ஊரின் சர்வரோக நிவாரணி. கணினி ஆன் செய்யும்போதே டிஸ்ப்ளே வராவிட்டால் அதற்குப் பலன் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது அணையும் திரைக்கு அது பெரும்பாலும் உதவாது.

லேப்டாப்போடு டைப்-சி கேபிளில் இணைக்கும் போர்ட்டபிள் மானிட்டர் அணைகிறது.

வெளிச்சத்தைக் கூட்டும்போது அணைகிறதா? லேப்டாப்பின் போர்ட் கொடுக்கும் கரண்ட் போதவில்லை. மானிட்டரின் இரண்டாவது டைப்-சி துளையில் தனிச் சார்ஜரைச் செருகுங்கள்.

யாரும் தொடாமலே பட்டனை அமுக்கியதுபோல அணைந்து எரிகிறது.

பட்டனே அமுங்குகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே உள்ள சின்ன டாக்ட் சுவிட்சில் ஈரமோ, துருவோ, சிந்திய காபியோ சேர்ந்தால் தானாகவே தொடர்பு ஏற்படும். மெனு தானாகத் திறப்பது, ஒலி அளவு தானாக ஏறுவது இதன் கூடவே வரும். கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் இது அதிகம். தொடு பட்டன் உள்ள மாடல் என்றால் உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். உறுதி செய்ய, மானிட்டரைத் திறக்கத் தெரிந்தவர் அதை ஆன் செய்த பிறகு பட்டன் போர்டின் ஒயரை மட்டும் உருவிவிட்டு ஓடவிடலாம். பிறகு அணையாவிட்டால் சுவிட்சை மாற்றினால் போதும். பெரும்பாலும் 6×6 மில்லிமீட்டர் அளவு, சில ரூபாய்ப் பொருள்.

ஆன் செய்தால் இரண்டு நொடி படம் வந்து போய்விடுகிறது.

ட்யூப் பேக்லைட் உள்ள பழைய எல்சிடி மானிட்டரின் பிரபலமான நோய் இது. ஏறக்குறைய 2010-க்கு முந்தைய மானிட்டர்களில் மெல்லிய ஃப்ளோரசன்ட் ட்யூப்கள் இருக்கும். அவற்றில் ஒன்று எரியாவிட்டாலும், ட்யூப்களுக்குக் கரண்ட் கொடுக்கும் இன்வெர்ட்டர் போர்டு ஆபத்து என்று எண்ணி எல்லாவற்றையும் அணைத்துவிடும். அந்த போர்டில் பல நூறு வோல்ட் ஓடும். ஆனில் இருக்கும்போது கை வைக்கக் கூடாது. ட்யூப்களில் பாதரசம் உண்டு, உடைத்துக் குப்பையில் போடாதீர்கள், மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். ட்யூப்களை எடுத்துவிட்டு எல்ஈடி பட்டை பொருத்தும் கிட் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைக்கும். எல்ஈடி மானிட்டரிலும் பட்டையில் ஒரு எல்ஈடி போனால் டிரைவர் இதேபோல அணைக்கும்.

கெப்பாசிட்டரை நானே மாற்றலாமா?

சோல்டரிங் பழக்கமும் மல்டிமீட்டரும் இருந்தால் மட்டும். வாரன்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மானிட்டர்களுக்கு 3 ஆண்டு கொடுப்பது வழக்கம், பலர் மறந்துவிடுகிறார்கள்.

ப்ளக்கை உருவிவிட்டு, மேசையில் போர்வை விரித்து, திரையைக் கவிழ்த்து வையுங்கள். ஸ்டாண்டையும் ஸ்க்ரூக்களையும் எடுத்த பிறகு, விளிம்பைப் பழைய ஏடிஎம் கார்டால் கீழ்ப்பக்கமிருந்து நெம்பினால் கொக்கிகள் விடும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பேனல் கீறிவிடும்.

பவர் போர்டில் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று 400 அல்லது 450 வோல்ட் என்று எழுதியிருக்கும். 230 வோல்ட் லைன் நேர்மின்சாரமாகும்போது அதில் சுமார் 325 வோல்ட் நிற்கும், ப்ளக்கை எடுத்த பிறகும் நிற்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். 2.2 கிலோ ஓம், 5 வாட் மின்தடையின் கால்களை இன்சுலேஷன் உள்ள இடுக்கியால் பிடித்து, அந்தக் கெப்பாசிட்டரின் இரு முனையிலும் சில நொடி வைத்து எடுங்கள். மல்டிமீட்டரில் பூஜ்யத்துக்குப் பக்கம் வந்ததும் கை வையுங்கள்.

சிரமம் கொடுப்பவை பெரும்பாலும் மறுபக்கம் இருக்கும் சின்னவை: 470, 680, 1000 மைக்ரோஃபாரட், 16 அல்லது 25 வோல்ட். தலை உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ மாற்றுங்கள். உப்பாமலும் கெட்டிருக்கும், ஒன்று போயிருந்தால் அந்த வரிசை முழுவதையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது கூடுதல், வெப்பத் தாங்கல் 105 டிகிரி, வகை ‘லோ ஈஎஸ்ஆர்’ (உள்மின்தடை குறைந்தது). 85 டிகிரி சாதாரண வகையைப் போட்டால் சில மாதத்தில் திரும்ப வருவீர்கள். உடலில் பட்டைக் கோடு உள்ள பக்கம் நெகட்டிவ். மாற்றிப் போட்டால் வெடிக்கும். பழைய போர்டின் செம்புத் தடம் சூட்டில் பெயர்ந்துவிடும், அயர்னை 3–4 நொடிக்கு மேல் வைக்காதீர்கள்.

திறந்ததோடு, டிரான்ஸ்ஃபார்மர் கால்களையும் கனெக்டர் கால்களையும் லென்ஸில் பாருங்கள். காலைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் தெரிந்தால் அது ட்ரை சோல்டர், சூடானதும் அணைவதற்கான காரணம். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். எறும்புக் கூடோ, பல்லி எச்சமோ இருந்தால் பிரஷ்ஷால் தட்டி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே கரண்ட் கொடுங்கள்.

சரிசெய்வது லாபமா, புதிது வாங்குவதா?

கேபிள், அடாப்டர், பட்டன், கெப்பாசிட்டர் என்றால் யோசிக்காமல் சரிசெய்யுங்கள். எல்ஈடி பட்டை என்றால் பேனலை அடுக்கடுக்காகப் பிரிக்க வேண்டும். கை பழகிய மெக்கானிக் கிடைத்தால் மட்டும் கொடுங்கள், இல்லாவிட்டால் தூசி புகுந்து திரை முழுக்கப் புள்ளி விழும். பேனலே போய்விட்டால் விட்டுவிடுங்கள், அதன் விலை புது மானிட்டரை நெருங்கிவிடும்.

கடையில் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

‘அணையுது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அணையும்போது லைட் என்ன நிறம், எத்தனை நிமிடத்தில், பிரைட்னஸ் குறைத்தால் என்ன ஆகிறது, வேறு கேபிளில் என்ன ஆனது என்ற நான்கையும் ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் முதுகில் ஒட்டிக் கொடுங்கள். சொந்த அடாப்டரையும் கேபிளையும் கூடவே எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் கடைக்காரர் தன் அடாப்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.